மாதத்துக்கு இரண்டு டின்

ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் என்பவன் திரவங்களோடு பிழைக்கிறவன். ரத்தம், சீழ், கொயினா மருந்து, விளக்கெண்ணெய், அயோடின் என்று என் கையில் எப்போதும் ஏதாவது ஒன்று ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. இவற்றில் எதுவும் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. கெடுத்தது பெட்ரோல்.

மலாய் நாட்டில் ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. என்னை வைத்திருந்த கம்பெனிக்கு மூன்று கித்தாத் தோட்டங்கள். ஒன்று கிள்ளான் ஊரை ஒட்டி, ஆஸ்பத்திரியோடு. ஒன்று மேருவில். மூன்றாவது காப்பாரைத் தாண்டி, கடற்காற்றில் கதவுத் தாழ்ப்பாளெல்லாம் துருப்பிடிக்கிற சதுப்பில். மூன்றுக்கும் சேர்த்து நான் ஒருவன். காயத்துக்குக் கட்டுப்போடுவதும் காய்ச்சலுக்கு மருந்து ஊற்றுவதும் என் வேலை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இருப்பவர்கள் என்னை ‘டாக்டரய்யா’ என்றார்கள். எப்போதாவது வெள்ளைக்கார டாக்டர் வந்து நிற்கிற அரைமணி நேரம் மட்டும் நான் டிரெஸ்ஸராக இறங்கி நிற்பேன். அவர் கார் வாசலைத் தாண்டியதும் மறுபடி பதவி உயர்வு.

இந்தச் சுற்றுக்காகக் கம்பெனி எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தது. ஆட்குறைப்பில் சீமைக்குத் திரும்பிப் போன ஒரு சின்ன துரை விட்டுச்சென்ற சொத்து. அதன் வயது அவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அதில் ஏறியிருக்க மாட்டார். கைப்பிடியில் நெம்புகோல்கள் முளைத்திருக்கும். ஒன்று பெட்ரோலுக்கு, ஒன்று காற்றுக்கு, இன்னொன்று எதற்கென்று நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. அதைத் தொடாமல் இருப்பதே மரியாதை என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலையில் பெரிய துரை ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். அவருக்குத் தமிழ் வரும். பாலுக்காக மரம் வெட்டுகிறவர்களை அதட்டுவதற்காகக் கற்ற தமிழ். அதை வைத்துக்கொண்டே எல்லாக் காரியத்தையும் முடித்துக்கொள்வார்.

“டிரெஸ்ஸர், ரொம்பக் குடிக்கிறான்.”

எனக்குத் திக்கென்றது. எங்கள் கம்பவுண்டர் பட்டைச் சாராயத்துக்குப் பழக்கப்பட்டவர். “யாருங்க துரை?” என்றேன்.

“அவன்.” பிரம்பால் மோட்டார் சைக்கிளைக் காட்டினார். “இனி மாசம் ரெண்டு டின். மேலே கிடையாது. போதாதா? காப்பார் போகாதே. மாசம் ஒரு நாள் போ. போதும்.”

அதுவரை மாதத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று டின் செலவாகிக்கொண்டிருந்தது. துரை சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. காப்பார் தோட்டத்தில் பாதி லயம் காலி. வேலையில்லை என்று ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியவர்களில் கொசு கடிக்காதவர் இல்லை. வாரம் ஒரு தடவை நான் போய் நின்றால்தான் அவர்கள் மருந்தைக் குடிப்பார்கள். நான் கொடுத்துவிட்டு வந்தால் கசப்பு என்று வாழைக்குக் கொட்டிவிடுவார்கள். அந்த லயத்து வாழைகளுக்கு மலேரியா வந்ததே இல்லை.

அங்கே ஒரு பெண் இருந்தாள். முந்தி இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் காய்ச்சலில் குழந்தை தங்காமல் போனது. இப்போது மூன்றாவது. கப்பலில் போகிற நிலையில் அவள் இல்லாததால் புருஷனும் அரைச் சம்பளத்துக்குத் தங்கிவிட்டான். வாரா வாரம் அவளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, கண்ணின் கீழிமை வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் நான் பெட்டியைக் கட்டும்போது அவள் வாசற்படியில் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

“வர்ற வாரமும் வருவீங்கல்ல, டாக்டரய்யா?”

“வரேன்மா,” என்பேன். துரை வந்துபோன வாரமும் அப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்தேன். அது கறுப்பாக ஒரு தடவை இருமியது.

சின்ன துரை விட்டுப்போன பொருட்களில் அந்த வண்டியின் கையேடும் இருந்தது. கரையான் பாதி தின்றிருந்தாலும் சிக்கனம் பற்றிய பகுதி பிழைத்திருந்தது. கரையானுக்கும் அது சுவைக்கவில்லை போலும். நான் படிக்கிற பழக்கம் உள்ளவன். சங்கப் பாட்டு முதல் சவுக்காரக் கட்டியின் உறை வரை எதையும் விடமாட்டேன். படிப்பினால் எனக்கு விளைந்த நன்மை என்னவென்றால், எதையும் தப்பாகச் செய்வதற்கு என்னிடம் எப்போதும் ஓர் ஆதாரம் இருக்கும்.

கையேடு முதலில் சொன்னது நிதானம். வேகம் கூடக் கூடப் பெட்ரோலும் கூடுமாம். நான் ஏற்கெனவே நிதானி, இன்னும் நிதானித்தேன். மேருவுக்குப் போகிற சடக்கில் ஒரு சீனக் காய்கறிக்காரர் சைக்கிளின் இரண்டு பக்கமும் கூடைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். போனவர் திரும்பிப் பார்த்து, உதவி வேண்டுமா என்று கையால் கேட்டார். வேண்டாம் என்று கையால் சொன்னேன். அவர் நம்பவில்லை.

அடுத்தது டயர். காற்றுக் குறைந்த டயர் சடக்கோடு ஒட்டி உழைப்பைத் தின்கிறது என்றது கையேடு. என் டயர்கள் எப்போதும் தொளதொளவென்றுதான் இருக்கும். என் முதுகுக்காக அப்படி வைத்திருந்தேன். கல்லாக இறுகும்வரை காற்றடித்தேன். செம்மண் சடக்கின் குழிகள் ஒவ்வொன்றும் என் முதுகெலும்பில் தனித்தனியாக முறையிட்டன. சாயங்காலம் வீட்டில் நான் உட்காரும் விதத்தைப் பார்த்து என் மனைவி, “என்னங்க, தொரை அடிச்சிட்டாரா?” என்றாள்.

காற்று எதிர்த்தாலும் பெட்ரோல் போகும் என்று இன்னொரு பக்கத்தில் இருந்தது. என் மழைக்கோட்டு பாய்போல விரிகிற சாதி. அதைக் கழற்றி, தொப்பியையும் கழற்றி, டாங்கியின்மேல் தவளையாகக் குப்புறப் படுத்து ஓட்டினேன். லயத்து நாய்கள் அதுவரை என்னை மதித்துக் குரைக்காமல் இருந்தன.

இறக்கம் வரும் இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைத் தானாக உருளவிட வேண்டும் என்றும் போட்டிருந்தது. கிள்ளானிலிருந்து காப்பார் வரை கடவுள் ஒரு மேட்டைக்கூடப் படைக்கவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் கரையானுக்கு விட்டேன்.

மிச்சமிருந்தது பாரம். இதுதான் வில்லங்கம். எங்கள் பக்கத்தில் ஒருவன் சக்கரம் வைத்த எதையாவது ஓட்டினான் என்றால் அது அவனுடைய வண்டி இல்லை, ஊருடைய வண்டி. போகிற வழியில் நிறுத்தாமல் போனவன் மனிதனே இல்லை. கிள்ளான் கடைத்தெருவிலிருந்து கருவாடு, வெற்றிலை, பிள்ளைக்குப் பால் மாவு, காமாட்சி விளக்கு என்று என் மருந்துப் பெட்டிக்கு மேலே எப்போதும் ஒரு சின்னச் சந்தை ஆடிக்கொண்டு போகும். ஒரு தடவை உயிருள்ள சேவல் ஒன்று என் தோளில் தலைவைத்து மேருவரை வந்தது. பின்னால் ஆளும் ஏறுவார். அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று தெரிந்தும் தன் குடும்பக் கதையைச் சொல்லிக்கொண்டு வருவார்.

எல்லாவற்றையும் நிறுத்தினேன். “வண்டியில் பாரம் ஏற்றக் கூடாது, உத்தரவு” என்றேன். மேரு லயத்தில் பால் வாளியோடு நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஏங்கய்யா, வண்டி முழுகாம இருக்கா? பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா?” என்றாள் ஒருத்தி.

“அவரேதான்டி டாக்டரு,” என்றாள் இன்னொருத்தி. “எத்தன மாசமாம், கேளு.”

சிரிப்பு லயத்தின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. நானும் சிரித்தேன். என்னால் முடிந்தது அது ஒன்றுதான். அதற்குப் பெட்ரோல் தேவையில்லை.

இத்தனைக்கும் பிறகு முதல் மாதம் என்ன ஆயிற்று? டின் முன்னைவிடச் சீக்கிரம் காலியாயிற்று. மாதக் கடைசி வாரத்தில் டாங்கிக்குள் ஒரு குச்சியை விட்டு எடுத்தேன். குச்சி காய்ந்தபடியே வந்தது.

காப்பார் நாளன்று கம்பவுண்டரின் சைக்கிளை இரவல் வாங்கி மிதித்தேன். படிக்கும்போது அது ஒரு வரி. மிதிக்கும்போது அப்படி இல்லை. மருந்துப் பெட்டி பின்னால் இழுத்தது, வயது முன்னால் தடுத்தது. வழியில் ஒட்டுக்கடை கண்ட இடத்திலெல்லாம் இறங்கித் தேத்தண்ணி குடித்தேன். போய்ச் சேர்ந்தபோது என் நாடியைத்தான் முதலில் யாராவது பிடித்திருக்க வேண்டும். அந்தப் பெண் வாசலில் நின்றிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது.

“வண்டி எங்கங்கய்யா?”

“அதுக்கு உடம்பு சரியில்ல.”

அவள் சிரிக்கவில்லை. “அடுத்த மாசம் வரமாட்டீங்கன்னு பேசிக்கிறாங்களே? எங்க வேலையப் பாக்கற மண்டோர்தான் சொன்னாரு.”

“யாரு சொன்னா என்ன? வரேன்.”

“இல்லைங்கய்யா. நெசத்தச் சொல்லிட்டீங்கன்னா பரவால்ல. நான் இவரைக் கூட்டிக்கிட்டு இப்பவே கிள்ளான் பக்கம் எங்கயாவது போயிடறேன். போன ரெண்டு தடவையும் யாராவது வருவாங்கன்னுதான் காத்துக் கெடந்தேன்.”

கிள்ளான் பக்கம் அவர்களுக்கு வேலையும் இல்லை, கூரையும் இல்லை. இருந்த ஒரே கூரை அந்த லயம்தான். “அடுத்த மாசமும் வாரா வாரம் வரேன்,” என்று சொன்னேன். எந்த எண்ணெயை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. திரும்பும்போது எதிர்க்காற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மச்சான் வந்தார். என் மனைவியின் தம்பி. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். ரயில்வேயில் அவர் டிக்கெட்டுக் கட்டுகளை எண்ணி அடுக்குகிற வேலை பார்த்தார் என்றாலும், எஞ்சின் சத்தம் கேட்கிற தூரத்தில் குடியிருந்தபடியால் எஞ்சின் சாத்திரம் தன் ரத்தத்தில் ஊறிவிட்டது என்பது அவர் எண்ணம்.

“மச்சான், பெட்ரோலுக்கு வீரியம் பத்தல,” என்றார் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து. “ரெண்டு அந்துருண்டை போடுங்க.”

“துணிப் பெட்டியில போடுற அந்துருண்டையா?”

“அதேதான். டாங்கியில போட்டுப் பாருங்க. பிச்சிக்கிட்டுப் போகும். எங்க ஷெட்டுல எல்லாருக்கும் தெரியும்.”

“உங்க எஞ்சின் கரியிலல்ல ஓடுது?”

“அதனாலதான் நாங்க போடறதில்ல,” என்றார் அவர், அசையாமல்.

போட்டேன். படித்தவனுக்கு நம்பிக்கையும் அதிகம். வண்டி வேகமாகப் போகவில்லை, குறைவாகக் குடிக்கவுமில்லை. ஆனால் அது போன இடமெல்லாம் கல்யாணப் புடவைப் பெட்டியைத் திறந்த வாசனை எழும்பியது. மேரு லயத்துப் பெண்கள் இதையும் தங்கள் பழைய கேள்வியோடு சேர்த்துக்கொண்டார்கள். “சீமந்தமா ஐயா?” என்றார்கள்.

கிள்ளானில் சைக்கிள் கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயிடமும் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் எஞ்சினிலிருந்து பிளக்கைக் கழற்றிக் காட்டினார். அடுப்புக்கரிபோல் கறுத்திருந்தது. “பாஞ்சாக் மாக்கான்,” என்றார் மலாயில். ரொம்பத் தின்கிறது என்பது எனக்கும் தெரிந்த விஷயம். காப்புரேட்டரில் எதையோ ஒரு திருகு இறுக்கினார். அது பிடிக்காமல் இன்னொரு திருகு தளர்த்தினார். கடைசியில் வண்டியை விற்றுவிடுவது நல்லது என்றார். வாங்க ஆள் இருக்கிறதா என்று கேட்டதற்கு வானத்தைப் பார்த்தார்.

அந்தப் பிளக்கை நான் வாரா வாரம் வீட்டில் துடைத்தேன். ஒருவன் நாக்கு கறுத்து வந்து நின்றால் நாக்கைத் துடைத்தனுப்ப மாட்டேன். வயிற்றைத்தான் அமுக்கிப் பார்ப்பேன். இங்கே மட்டும் துடைத்து மாட்டி, புகையப் புகைய ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் மாதம் பாதியில், ஒரு டின் முழுக்க முடிந்து இரண்டாவதும் கொஞ்சம் குறைந்திருந்த சமயம். காப்பாருக்குப் போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்து மழை தூறிவிட்டு வருகிற மழையில்லை. வாளியோடு வந்து நிற்கிற மழை. காற்றுக்காகக் கோட்டைத் தியாகம் செய்திருந்ததால் நான் தொப்பலாக நனைந்தேன். வண்டி நாலைந்து தடவை இருமி, நின்றுவிட்டது.

ஒரு ஒட்டுக்கடையின் தாழ்வாரத்துக்கு அதைத் தள்ளிக்கொண்டு ஒதுங்கினேன். கீழே பார்த்தால் என் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்தில் மஞ்சளாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது. பழக்க தோஷம், சீழ் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கே உடைந்திருக்கிறது என்று என் காலைத் தடவிப் பார்த்தேன். கால் நன்றாக இருந்தது. மஞ்சள் எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சிவப்பு இழை. முகர்ந்தேன். சந்தனம்.

குனிந்தேன். காப்புரேட்டருக்குக் காற்றுப் போகிற வாய் ஒன்று உண்டு. வட்டமாக, கம்பிவலை போட்டு, ஒரு வெள்ளி ரூபாய்க் காசுபோல் வெளியே பார்த்தபடி இருக்கும். அந்த வலையைக் காணோம். இருந்த இடத்தில் சந்தனம் அடைகட்டிக் காய்ந்திருந்தது. ஒரு நாளில் வந்ததல்ல. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வைத்து, பழையதன்மேல் புதியதாக ஏறி, சுவரில் சாணம் போலத் தடித்திருந்தது. அதன் மத்தியில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

மூக்கை அடைத்துவிட்டுச் சோற்றை மட்டும் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். காற்றுக்குத் திண்டாடிய எஞ்சின் பெட்ரோலாகக் குடித்துப் புகையாகக் கக்கியிருக்கிறது. கையேட்டில் காற்று பற்றி ஒரு தனிப் பகுதியே இருந்தது. படித்துவிட்டு நான் கழற்றியது மழைக்கோட்டை. தவுக்கே அதைச் சாமி சமாசாரம் என்று தொடாமல் விட்டிருக்க வேண்டும். மருந்துப் பெட்டியிலிருந்து இடுக்கியை எடுத்து, புண்ணில் பொருக்கு உரிப்பதுபோல் ஓரம் ஓரமாக உரித்தேன். ஒட்டுக்கடை மலாய்க்காரர் தேத்தண்ணிக் குவளையோடு வந்து, ஆபரேஷன் முடியும்வரை பேசாமல் பக்கத்தில் நின்றார்.

மழை விட்டதும் உதைத்தேன். இரண்டாவது உதையிலேயே கிளம்பியது. கறுப்பு இருமல் இல்லை. காப்பார் போய்ச் சேர்ந்தபோது பழைய கணக்கில் பாதி வழிக்கான எண்ணெய்தான் குறைந்திருந்தது. அந்தப் பெண்ணின் கணுக்காலை அமுக்கிப் பார்த்தேன், வீக்கம் இல்லை. “வண்டிக்கு சரியாயிடுச்சாங்கய்யா?” என்றாள். “மூக்கடைப்பு,” என்றேன். அவளுக்கு ஜலதோஷ மருந்தைப் பற்றிக் கேட்கவேண்டுமென்று தோன்றியிருக்கும். என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

வீட்டில் என் மனைவி என் சப்பாத்தைப் பார்த்ததும், “என்னங்க இது, கறை?” என்றாள்.

“உன் சந்தனம்தான். வண்டிக்கு மூச்சு போற எடத்துல யாரு பொட்டு வைக்கச் சொன்னது?”

“நீங்கதான்.”

“நானா!”

“மொதல்ல நான் முன்னாடி நம்பர் பலகையிலதானே வச்சேன்? ஆத்துப் பாலத்துக்கிட்ட போலீஸ்காரன் நம்பர் தெரியலன்னு நிறுத்திட்டான்னு அன்னைக்கு என்ன குதி குதிச்சீங்க. ‘எங்கயாவது கண்ணுக்குத் தெரியாத எடமாப் பாத்து வையேன்’னு சொன்னீங்களா இல்லையா?”

சொல்லியிருக்கிறேன். ஒரு ஆளின் ஒரு நிமிஷக் கோபம் எத்தனை காலன் பெட்ரோலாகும் என்று அந்தக் கையேட்டில் எங்கேயும் இல்லை.

“முன் வெளக்குல வச்சிருக்கலாமே,” என்றேன்.

“அது கண்ணுல்ல? கண்ணுல யாராவது பொட்டு வைப்பாங்களா?”

“டாங்கியில?”

“வயித்துலயா!”

உடற்கூறு எனக்குத்தான் தொழில். ஆனால் வாதத்தில் என் கை தாழ்ந்துகொண்டிருந்தது. “அந்த வட்டமா இருக்கறதுதான் நெத்தி மாதிரி இருந்துச்சு,” என்றாள் அவள், சற்றுத் தணிந்து. “மழையில சறுக்கி விழுந்து அன்னைக்கு முட்டியப் பேத்துக்கிட்டு வந்தீங்களே, அதுக்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை நான் தவறினதில்ல. நீங்க அதுக்கப்புறம் ஒரு தடவையாவது விழுந்தீங்களா, சொல்லுங்க.”

விழவில்லை. விழுகிற வேகம் அந்த வண்டிக்கு அதற்குப் பிறகு இருந்ததே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையில் நாளைய வெள்ளிக்கிழமைக்கு அரைக்க எடுத்த சந்தனக்கட்டை இருந்தது. கைப்பிடியின் நடு மத்தியில் வைப்பதென்று இருதரப்பும் ஒப்புக்கொண்டோம். அது எந்த அவயவம் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த மாதம் இழுத்துப் பறித்துத் தேறியது. அடுத்த மாதம் மூன்றாம் வாரத்தில் டின்னை ஆட்டிப் பார்த்தால் உள்ளே தாராளமாகத் தளும்பியது. இந்த நற்செய்தியைச் சொல்ல ஆபீஸுக்குப் போனேன். அங்கே கணக்கெழுதும் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். கம்பெனியின் மனத்தைக் கண்ணாடிபோல் அறிந்தவர். நான் சொல்லி முடிக்குமுன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“உமக்கு என்ன விசரே?” என்றார். “மிச்சமெண்டு துரையிட்ட காட்டப் போறீரோ?”

“நல்ல சேதிதானே?”

“அவருக்கு நல்ல சேதி. அடுத்த மாசம் ஒண்டரை டின்தான் வரும். பிறகு சங்கிலி அறும், டயர் வெடிக்கும், உம்மட வண்டி திரும்பவும் குடிக்கும். அப்ப காப்பாருக்கு ஆர் போறது? நானே?” குரலைத் தாழ்த்தினார். “மாசக் கடைசியில டின் வெறுமையாய் இருக்கோணும். எப்பிடி வெறுமையாக்கிறதெண்டு உம்மட பாடு.”

இரண்டு மாதம் முதுகெலும்பைத் தேய்த்துச் சேமிக்கக் கற்றவன், இப்போது செலவழிக்கக் கற்க வேண்டியிருந்தது. டயரில் காற்றை இறக்கினேன். கோட்டை மாட்டினேன். கருவாடு மறுபடி ஏறியது, வெற்றிலை ஏறியது, பின்னால் ஆளும் ஏறித் தன் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். “பெத்துப் பொழைச்சிடுச்சா வண்டி?” என்றார்கள் மேருவில். அப்படியும் எண்ணெய் மிஞ்சியது. அதனால் காப்பாருக்கு வாரத்தில் இரண்டு தடவை போக ஆரம்பித்தேன். கம்பெனி தெரியாமல் செய்த ஒரே தர்மம் அதுவாக இருக்கும்.

அப்படி மாதக் கடைசியில் ஓர் உபரி நாள் போனபோது லயத்து வாசலில் கூட்டம். முந்தி இரண்டு தடவையும் நான் பிந்தி வந்து பார்த்த கூட்டம் நினைவுக்கு வந்தது. வண்டியை எஞ்சின் ஓட ஓட அப்படியே சாய்த்துவிட்டுப் பெட்டியோடு ஓடினேன்.

உள்ளேயிருந்து அழுகை கேட்டது. சின்ன, கோபமான அழுகை.

லயத்து மருத்துவச்சி கையைத் துடைத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள். “நேத்து சாயங்காலமே பொறந்தாச்சு. பொட்டப் புள்ள. நீங்க வர்ற வரைக்கும் உள்ளயே குந்தியிருக்கச் சொல்றீங்களா? அதுக்கென்ன, பெட்ரோல் ஊத்தியா கெளப்பணும்?”

“தாய்க்கு?”

“நீங்களே பாருங்க. பாக்கத்தானே வந்தீங்க.”

பார்த்தேன். காய்ச்சல் இல்லை. ரத்தம் அளவாக நின்றிருந்தது. கண்ணின் கீழிமை கொஞ்சம் வெளுப்பு, அது போகும். குழந்தை ஒரு பப்பாளிக் காயளவு இருந்தது, சத்தம் மட்டும் அதைவிடப் பெரிது. செய்வதற்கு எனக்கு ஒன்றுமில்லை. பெட்டியைத் திறந்து மூடினேன். ஏதாவது செய்தாக வேண்டுமே என்று நாடியை இன்னொரு தடவை பிடித்தேன்.

“இன்னைக்கு உங்க நாள் இல்லையே, டாக்டரய்யா?” என்றாள் அவள்.

“எண்ணெய் மிச்சமிருந்துச்சு.”

அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு வழக்கத்துக்காகவோ என்னவோ, “வர்ற வாரமும் வருவீங்கல்ல?” என்றாள்.

“வரேன்மா.”

வெளியே வந்தேன். அவள் புருஷன் என் வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, துடைத்து, முன் சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருந்தான். நான் பார்க்கும்போது மண்டியிட்டு, ஒரு கிண்ணத்திலிருந்து சந்தனத்தை மூன்று விரலால் அள்ளி, அந்த வட்டக் கம்பிவலையின்மேல் பக்தியோடு அப்பிக்கொண்டிருந்தான். நடுவில் குங்குமம்.

“ஏன்ப்பா அங்க?” என்றேன்.

“நெத்தி அதானுங்களேய்யா,” என்றான் அவன். அவன் கண் கலங்கியிருந்தது.

உதைத்தேன், ஐந்தாறு உதைக்குப் பிறகு வண்டி பழையபடி கறுப்பாக இருமிக் கிளம்பியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. லயமே நின்று கையசைத்தது. கித்தா மரங்களுக்குள் சடக்கு திரும்பி அவர்கள் மறைந்ததும் நிறுத்தித் துடைத்துவிடலாம் என்று கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

திருப்பம் வந்தது. நிறுத்தவில்லை. மாதக் கடைசி, வீட்டில் டின்னின் அடியில் இன்னும் ஒரு சாண் பெட்ரோல் இருந்தது, அதையும் எப்படியாவது முடித்தாக வேண்டும். புகைந்துகொண்டே கிள்ளானுக்கு ஓட்டினேன். ஒட்டுக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, மறுபடியும் ஆபரேஷனா என்று இடுக்கிபோல் விரலைக் காட்டினார். நாளைக்கு என்று தலையசைத்துவிட்டுப் போனேன்.